பாஸ்வேர்டு யார் கையில்? ஆரணி வீட்டுக்கு கேமரா மாட்டிய கதை

நீங்க ஒரு ஊர்ல வேலை பார்க்கறீங்க, அப்பா அம்மா வேற ஊர்ல தனியா இருக்காங்க, அந்த வீட்டுக்கு செக்யூரிட்டி சிஸ்டம் போடலாமான்னு யோசிக்கறீங்கன்னா, இன்னிக்கு எபிசோட் உங்களுக்குத்தான்.

எங்க வீடு ஆரணியில் இருக்கு. பட்டுப் புடவைக்குப் பேர் போன ஊர். நெசவாளர் வீட்டுக்குள்ள போயிருக்கீங்களா? வாசல் தாண்டினதும் தறி. சாப்பாடு, தூக்கம், டிவி எல்லாம் அதைச் சுத்தித்தான். அந்தத் தறியில் ஏறியிருக்கிற பாவும், பக்கத்தில் இருக்கிற பட்டும் ஜரிகையும் எங்களுடையது இல்லை. பட்டு கொடுத்து கூலிக்கு நெய்ய வைக்கிற முதலாளியுடையது. ஒரு புடவைக்குக் கிடைக்கிற கூலியைவிட அந்தப் பொருளோட விலை பல மடங்கு. திருடு போனா, நெய்து நெய்துதான் அந்தக் கடனை அடைக்கணும்.

ஒரு கல்யாணத்துக்காக அப்பாவும் அம்மாவும் ரெண்டு நாள் வெளியூர் போனாங்க. திரும்பி வந்து பார்த்தா பின்கதவுத் தாழ்ப்பாள் நெளிஞ்சிருக்கு. கதவு திறக்கலை, எதுவும் போகலை. ஆனா அன்னிக்கு ராத்திரி அப்பா தறிக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தார். சென்னையில் இருந்த எனக்குத் தூக்கம் வரலை. மறுநாளே ஆள் தேட ஆரம்பிச்சேன்.

முதல் தப்பு: நான் பேக்கேஜ் வாங்கினேன்

முதல்ல வந்தவர் வீட்டைச் சுத்திக்கூடப் பார்க்கலை. '4 கேமரா, டிவிஆர், ஹார்ட் டிஸ்க், எல்லாம் சேர்த்து ஆஃபர்' என்றார். சரின்னுட்டேன். வெளியே 3 கேமரா, கூடத்தில் தறியைப் பார்த்து ஒண்ணு. ஒரே நாளில் வேலை முடிஞ்சது. என் போனில் படம் தெரிஞ்சதும் பெரிய நிம்மதி.

மூணாவது நாள் அம்மா போன் பண்ணாங்க. "ஏண்டி, நான் எத்தனை மணிக்குத் தறியில உக்கார்றேன், எப்ப எழுந்து போறேன்னு அங்கிருந்து பாக்கறியா?"

"இல்லம்மா, திருடனுக்காகத்தான்."

"திருடன் ராத்திரிலதானே வருவான். பகல் முழுக்க அது என்னைத்தானே பாக்குது."

எனக்கு பதில் சொல்ல வரலை. அம்மாவுக்கு அந்தக் கூடம்தான் வேலை செய்யற இடம். மதியம் புடவையைத் தளர்த்திட்டுப் படுக்கிற இடமும் அதுதான். யாரையும் கேட்காம அங்கே ஒரு கண்ணைக் கொண்டுபோய் வச்சுட்டேன்.

அதைவிடப் பெரிய விஷயம் அடுத்த வாரம் தெரிஞ்சது. ஆப்பில் சும்மா நோண்டிக்கிட்டு இருந்தப்போ, எங்க வீட்டு டிவிஆர் பக்கத்தில் 'ஷேர் செய்யப்பட்டது' என்று ஒரு வரி. அதாவது, அந்தக் கருவிக்கு உரிமையாளர் நான் இல்லை. மாட்டிக் கொடுத்தவர் முதல்ல தன் அக்கவுண்ட்டில் சேர்த்து, அங்கிருந்து எனக்குப் பார்க்க அனுமதி கொடுத்திருக்கார். கேட்டா, "சர்வீஸ் பண்ண வசதியா இருக்கும்னு எல்லாருக்கும் இப்படித்தாங்க போடறோம்" என்றார். கெட்ட எண்ணம் இருந்ததா தெரியலை, தொழில் பழக்கம். ஆனா ரெண்டு வாரமா எங்க அம்மா இருந்த கூடம் ஒரு அந்நியரோட போனில் இருந்திருக்கு.

இது நம்ம ஊர் கதை மட்டும் இல்லை. 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில், ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராக் காட்சிகள் இணையத்தில் விற்பனைக்கு வந்தது பெரிய வழக்காச்சு. மாற்றப்படாத எளிய பாஸ்வேர்டு அங்கே பெரிய ஓட்டையா இருந்திருக்கு. 2023இல் அமெரிக்காவில், அமேசானுக்குச் சொந்தமான ரிங் நிறுவனம், வாடிக்கையாளர் வீட்டு வீடியோக்களை ஊழியர்கள் பார்க்கும்படி விட்டிருந்ததா அரசின் வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டி, 58 லட்சம் டாலர் கட்ட வச்சது.

அதனால இன்னிக்கு எபிசோட்ல ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கணும்னா இதுதான்: கேமரா எந்த கம்பெனி என்பது ரெண்டாவது கேள்வி. சாவி யார் கையில் என்பதுதான் முதல் கேள்வி.

ரெண்டாவது ஆள் செஞ்சது

அடுத்து வந்தவர் சாயங்காலம் வந்து இருட்டும் வரைக்கும் இருந்தார். முதல்ல கேமரா பத்தியே பேசலை. பின்கதவைப் பார்த்துட்டு, "தச்சரைக் கூப்பிட்டு இரும்புத் தாழ்ப்பாள் போடுங்க, கொல்லையில் ஒரு லைட் போடுங்க, அப்புறம் நான் வரேன்" என்றார். விற்க வந்தவர் முதல்ல தன்னோட பொருள் அல்லாததைச் சொன்னார் பாருங்க, அங்கேயே நம்பிக்கை வந்துடுச்சு.

அவர்கிட்ட கத்துக்கிட்ட சிலதைச் சொல்றேன்.

கேமரா நடந்ததைப் பதிவு பண்ணும். நடக்கும்போதே ஊரை எழுப்புறது அலாரம். கதவு திறந்தா தெரிஞ்சுக்கிற மேக்னட் சென்சார், ஒரு சைரன், சிம் கார்டு போட்டு போனுக்குக் கூப்பிடுற பேனல். கூலிக்கு நெய்யற வீட்டுக்கு இதுதான் முதல் தேவை. வெளிநாட்டில் 24 மணி நேரமும் ஒரு கண்காணிப்பு அறையில் ஆள் இருந்து போலீஸைக் கூப்பிடுவாங்க. நம்ம ஊர்ல பெரும்பாலும் அலாரம் அடிச்சா நம்ம போன்தான் அடிக்கும். நான் சென்னையிலிருந்து பஸ் பிடிச்சு வர மூணு நாலு மணி நேரம் ஆகும். அதனால கூப்பிடுற பட்டியலில் முதல் நம்பர் என்னுது இல்லை, எதிர் வீட்டு அண்ணனுடையது. ரெண்டாவது அப்பா, மூணாவதுதான் நான். 112ஐ எங்களில் யாராவது கூப்பிடணும்.

ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கிற பிஐஆர் சென்சாரும் போடலாமான்னு கேட்டேன். அது உடம்புச் சூடு நகர்வதை வச்சு வேலை செய்யுது. சுத்தியிருக்கிற சூடும் உடம்புச் சூடும் கிட்டத்தட்ட ஒண்ணானா, அதுக்கு வித்தியாசம் சரியாத் தெரியாது. நம்ம பக்கத்து சித்திரை வெயிலில் ஓடு போட்ட வீடு எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். போதாக்குறைக்கு சென்சார் மேலேயே ஏறி ஓடுற பல்லி. ரெண்டு தடவை சும்மா அடிச்சா மூணாவது தடவை அப்பாவே அதை ஆஃப் பண்ணிடுவார். அதனால கதவு சென்சார் போதும்னு முடிவாச்சு.

ஹார்ட் டிஸ்க் கணக்கு எளிசு. 2 மெகாபிக்சல் கேமரா ஒண்ணு, எச்.265 முறையில் சுமார் 2 எம்பிபிஎஸ் அளவில் ஓடினா, ஒரு நாளைக்கு 21 ஜிபி சொச்சம். 4 கேமராவுக்கு 86 ஜிபி. 1 டிபி டிஸ்க் 11 நாளில் நிரம்பி, பழசு மேல எழுத ஆரம்பிக்கும். அப்பா அம்மா 15 நாள் காசிக்குப் போயிட்டு வந்தா, முதல் 4 நாள் அழிஞ்சுபோயிருக்கும். எத்தனை நாள் வேணும்னு நீங்க சொல்லுங்க, டிஸ்க் அளவை அவங்க சொல்லட்டும்.

அப்புறம், 'மிளகாய்ப் பொடி தூவிட்டு டிவிஆரையும் தூக்கிட்டுப் போயிட்டாங்க'ங்கிற செய்தியை எல்லாரும் படிச்சிருப்போம். டிவிஆர் டிவிக்குக் கீழே இருக்கக் கூடாது. எங்க வீட்டில் பரணில், பூட்டுப் போட்ட பெட்டிக்குள்ள இருக்கு. காத்துப் போக ஓட்டை விட்டிருக்கு. அதுக்கும் இன்டர்நெட் ரூட்டருக்கும் சேர்த்து ஒரு சின்ன யுபிஎஸ். கரண்ட் போற ராத்திரிதானே பயமே.

பணம் கொடுக்கும் முன்னாடி

கொட்டேஷனில் கேமராவின் மாடல் நம்பர் எழுதியிருக்கணும். 'நல்ல கேமரா' என்று மட்டும் இருந்தா வேண்டாம். சிசிடிவி கேமராக்களுக்கு இணையப் பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கி 2024 ஏப்ரலில் மத்திய அரசு அறிவிப்பு வெளியிட்டது. 2025 ஏப்ரல் 9 முதல் அது நடைமுறையில் இருக்கு. பெட்டி மேல இருக்கிற பிஐஎஸ் பதிவு எண்ணை 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். பழைய ஸ்டாக்கை ஆஃபரில் தள்ளிவிடப் பார்க்கிறாங்களான்னு அப்பவே கேட்டுடலாம்.

வேலை முடிஞ்ச அன்னிக்கு, மாட்டினவர் கிளம்பறதுக்கு முன்னாடி, இந்த 4 சோதனையை அவர் கண் முன்னாலேயே செய்யுங்க.

ஒண்ணு, மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணுங்க. சிஸ்டம் எவ்வளவு நேரம் தாங்குதுன்னு பாருங்க.

ரெண்டு, ரூட்டரை ஆஃப் பண்ணிட்டு கதவைத் திறங்க. சிம் வழியா போன் வருதான்னு பாருங்க.

மூணு, இருட்டினப்புறம் வாசலில் நின்னு, பதிவில் உங்க முகம் அடையாளம் தெரியுதான்னு பாருங்க. அப்படியே பக்கத்து வீட்டு ஜன்னலோ கொல்லையோ படத்தில் விழுதான்னும் பாருங்க. விழுந்தா கோணத்தை மாத்தச் சொல்லுங்க. அவங்களுக்கும் ஒரு அம்மா இருப்பாங்க.

நாலு, இதுதான் முக்கியம். ஆப்பில் கருவி உங்க அக்கவுண்ட்டில், உங்க போன் நம்பரில், உரிமையாளரா இருக்கணும். அட்மின் பாஸ்வேர்டை நீங்களே டைப் பண்ணி மாத்துங்க. சர்வீஸுக்கு வேணும்னா அன்னிக்கு மட்டும் அனுமதி கொடுத்து, வேலை முடிஞ்சதும் எடுத்துடுங்க. பழைய ஆள் அக்கவுண்ட்டில் மாட்டிக்கிட்டிருந்தா, அவரையே அதிலிருந்து நீக்கச் சொல்லி, நீங்க புதுசா சேருங்க. எனக்கு அதுக்கு மட்டும் 4 நாள் போன் பண்ண வேண்டியிருந்தது.

இன்னொண்ணு, காசே செலவில்லாதது: ரெண்டு மூணு நாள் வீட்டைப் பூட்டிட்டுப் போறதா இருந்தா, பக்கத்து போலீஸ் ஸ்டேஷனில் சொல்லிட்டுப் போகலாம். ரோந்து வரும்போது பார்த்துக்குவாங்க.

கடைசியா

இப்போ எங்க வீட்டில் வாசலில் ஒண்ணு, கொல்லையில் ஒண்ணு, பக்கவாட்டுச் சந்தில் ஒண்ணுன்னு 3 கேமரா இருக்கு. கூடத்தில் இருந்ததைக் கழட்டிட்டோம். தறிக்குப் பாதுகாப்பு ரெண்டு கதவிலும் இருக்கிற சென்சார். படுக்கப் போகும்போது அம்மாதான் அலாரத்தை ஆன் பண்றாங்க, விடியக்காலையில் அவங்கதான் ஆஃப் பண்றாங்க. அந்த நாலு இலக்க எண் அவங்களுக்கும் அப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும். என்னன்னு நான் கேட்கலை.

அப்பா இப்போ தறிக்குப் பக்கத்தில் படுக்கிறதில்லை. போன வாரம் அம்மா, "என்ன, இன்னிக்கு நீ வாசலைப் பாக்கலையா? கறிவேப்பிலைச் செடி பூத்திருக்கு பாரு" என்றாங்க. அவங்களே கூப்பிட்டுக் காட்டினதால, பார்த்தேன்.

உங்க வீட்டு கேமரா யார் பேரில் இருக்கு? இந்த எபிசோட் முடிஞ்சதும் ஆப்பைத் திறந்து ஒரு தடவை பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.