‘எலி மருந்து’ன்னு மட்டும் சொன்னா போதாது



நான் வீடு வீடாகப் போய் கொசுப்புழு பார்க்கிற வேலை செய்கிறேன். தொட்டியில் நாங்க ஊத்துறதை ‘அபேட்’னு சொல்றோம். அது கம்பெனி வச்ச பேர். உள்ளே வேலை செய்யுற மருந்தோட பேர் டெமிபாஸ். கம்பெனிப் பேர் கடைக்குக் கடை மாறும். மருந்துப் பேர் மாறக் கூடாதுன்னு ஐ.எஸ்.ஓ. என்ற உலகத் தர அமைப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு பொதுப் பேர் வைக்கிறது. புகையடிக்கிற மாலத்தியானுக்கே ரஷ்யாவில் கார்போபாஸ், ஆஸ்திரேலியாவில் மால்டிசன்னு வேற வேற பேர் இருந்திருக்கு.

நமக்கு இன்ஷியல் முன்னாடி வரும். இதுக்குக் குடும்பப் பேர் கடைசியில் வரும். குளோர்பைரிபாஸ், மோனோகுரோட்டோபாஸ், டெமிபாஸ் எல்லாம் நரம்பைத் தாக்குற ஒரே குடும்பம். (பயப்படாதீங்க, தொட்டித் தண்ணியில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் அளவு வச்சிருக்கு.) சைபர்மெத்ரின், கொசு லிக்விடில் இருக்கிற டிரான்ஸ்புளூத்ரின், இதெல்லாம் ‘த்ரின்’ குடும்பம். மாலத்தியான் ‘பாஸ்’ வீட்டுப் பிள்ளைதான், பேரில் தெரியாது. அதனால் முழுப் பேரும் வேணும்.

‘பாஸ்’ வகை உள்ளே போனா அட்ரோபின் ஊசி போடுவாங்க. ‘த்ரின்’ வகைக்கு அது மாற்று மருந்து இல்லை. எலி மருந்து கதை இன்னும் மோசம். புரோமடியோலோன் கேக் தின்னா ரத்தம் உறையாது. வைட்டமின் கே கொடுத்துக் காப்பாத்தலாம். மஞ்சள் பாஸ்பரஸ் பசை தின்னவங்க ஒண்ணு ரெண்டு நாள் நல்லாத்தான் நடமாடுவாங்க, அப்புறம் கல்லீரல் கெட்டுப்போகும். அதுக்கு மாற்று மருந்தே கிடையாது. தமிழ்நாடு அரசு அந்தப் பசையைத் தடை செய்திருக்கு. ரெண்டுக்கும் நம்ம வாயில் ஒரே பேர்தான்!

1958-ல் கேரளாவில் பாரத்தியான் கலந்த கோதுமை மாவைச் சாப்பிட்டு 100 பேருக்கு மேல் இறந்தாங்க. அதுக்கப்புறம் வந்ததுதான் 1968 பூச்சிக்கொல்லிச் சட்டம். பொதுப் பேர், சதவீதம், விஷத்தின் அளவைக் காட்டும் கலர் முக்கோணம் எல்லாம் லேபிளில் இருக்கணும். சிவப்புன்னா கடும் விஷம். அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. தண்ணி பாட்டிலில் மாத்தி ஊத்தி வச்சா அவ்வளவும் போச்சு. அதை மட்டும் செய்யாதீங்க.

யாராவது தின்னுட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க. 108-க்குப் போன் பண்ணுங்க, டப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போங்க. அடுத்த மாதக் கூட்டத்துக்கு உங்க வீட்டு மருந்து லேபிளைப் போனில் படம் பிடிச்சிட்டு வாங்க, சேர்ந்து படிக்கலாம்.