நாலந்தாக் கற்கோயிலும் கணினி நிரலும்

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி நாலந்தா என்னும் சிற்றூர் இருக்கின்றது. அங்குள்ள கெடிகே என்னும் கற்கோயில் பௌத்தர்களுடையது. அதன் அமைப்போ பல்லவர் காலத்துத் திராவிடப் பாணியை நினைவூட்டுவது. 1970களில் மகாவலித் திட்டத்தின் பொருட்டுப் போவதென்ன நீர்த்தேக்கம் எழுந்தபோது, கோயில் நின்ற நிலம் நீரில் அமிழும் நிலை நேர்ந்தது. கட்டடத்தைக் கல் கல்லாகப் பிரித்தெடுத்து, உயர்ந்த இடத்திற்குக் கொண்டு சென்று, 1980ஆம் ஆண்டளவில் மீண்டும் அடுக்கி நிறுத்தினார்கள்.

எகிப்திலே அபு சிம்பலுக்கும் இதே இடர் வந்தது. ஆனால் அது மலையைக் குடைந்து செய்த கோயில். ஆகவே 1960களில் அதனை வாளால் அறுத்துத் துண்டுகளாக்கியே மேலேற்ற வேண்டியதாயிற்று. நாலந்தாவிலோ கற்கள் முன்னரே தனித்தனியாக இருந்தன.

கணினிக்கு மென்பொருள் வகுப்போரிடையே நெடுநாளாக நடந்துவரும் வழக்கொன்றும் இத்தகையதே. நார்வே நாட்டின் டாலும் நைகாடும் 1960களில் அமைத்த சிமுலா மொழியிலிருந்து கிளைத்தது பொருள்நோக்கு முறை. தரவையும் அதன்மீது நிகழும் செயலையும் ஒன்றாகப் பொதிந்து, அப்பொதிக்குப் ‘பொருள்’ என்று பெயரிடுவது அதன் வழி. உலக நிகழ்ச்சிகளைக் கணினியில் நடித்துக் காட்டவே சிமுலா பிறந்தது. அந்த வேலைக்கு இம்முறை நன்கு பொருந்தியது. பின்னர் எல்லா வேலைக்கும் அதுவே மருந்து என்று கொண்டதுதான் தொல்லை.

மாத்தளை மிளகு வணிகர் ஒருவரின் கணக்கை எண்ணிப் பாருங்கள். பொருள்நோக்கு முறைப்படி, மிளகு மூட்டை என்பது தன் எடையை அறியும். தன் விலையைத் தானே கணிக்கும். பற்றுச்சீட்டையும் தானே எழுதும். கடைக்குள்ளே இது அழகுதான். கொழும்பிலுள்ள ஏற்றுமதியாளரோ எடையையும் நாளையும் மட்டும் கேட்கிறார். அவருடைய கணினி வேறு மொழியில் இயங்குகிறது. மூட்டைக்குள் பொதிந்த செயல்களை அங்கே அனுப்புதல் வீண். தரவை மட்டும் அறுத்தெடுத்து அனுப்ப வேண்டும். அங்கே மறுபடியும் ஒரு பொதி கட்ட வேண்டும். அபு சிம்பலின் வாள் வேலை இதுவே.

மரபுரிமை என்னும் ஏற்பாடு இன்னும் சிக்கலானது. பண்டம், அதன்கீழ் நறுமணப் பண்டம், அதன்கீழ் மிளகு என அடுக்கிய பின், மேலே ஒன்றை மாற்றினால் கீழே எங்கோ விரிசல் காணும். சாதிக்காயும் சாதிபத்திரியும் ஒரே பழத்தினின்று வருவன. விலை வேறு, பயன் வேறு. அவற்றை எந்தக் கிளையில் வைப்பது? வணிகருக்கு இல்லாத ஐயம் நிரலருக்கு வருகின்றது.

2005இல் தொடங்கப்பெற்ற டபிள்யூ எஸ் ஓ 2 என்னும் இலங்கை நிறுவனத்தார் இத்தொல்லையை நன்கறிந்தவர்கள். வெவ்வேறு கணினிகளை வலையமைப்பில் இணைத்துப் பேச வைப்பதே அவர்கள் தொழில். சஞ்சீவ வீரவரணவும், எக்ஸ் எம் எல் ஆக்கத்தில் பெரும்பங்கு கொண்ட ஜேம்ஸ் கிளார்க்கும், பிறரும் சேர்ந்து பலெரீனா என்னும் புதிய மொழியை வகுத்தனர். அது 2017இல் அறிவிக்கப்பட்டது; 2019இல் அதன் முதற் பதிப்பு வந்தது. எந்த நிரலையும் சாராத வெறுந்தரவே அதன் அடித்தளம். மூட்டை என்பது அங்கே எடை, நாள், விலை என்ற பதிவு மட்டுமே. விலை கணிக்கும் செயல் தனியே நிற்கும். பதிவு எவ்வித அறுப்புமின்றி வலையிலே செல்லும். வந்த பதிவின் பெயர் எதுவாயினும், உறுப்புகள் பொருந்தினால் மொழி அதனை ஏற்றுக்கொள்ளும்.

அவர்கள் பொருளை முற்றிலும் துரத்திவிடவுமில்லை. ஒரு நிரலின் உள்ளறையில், பிற கணினி எட்டிப் பாராத இடத்தில், அதற்கு இடம் வைத்திருக்கின்றார்கள். வெளியே செல்லும் கல்லிலே மட்டும் சாந்து ஒட்டாமற் பார்த்துக்கொள்கின்றார்கள்.