பாஸ்போர்ட் இல்லாமல் போன வாய்ப்பு
(நமது அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை வழங்கும் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்கச் சொன்னார்கள். அப்போது அவர்கள் இளவயதினர். அரை மாதத்தில் கற்றுக்கொண்டார்கள் என்று ஹதீஸில் வருகிறது. மொழி படிக்க ஏற்ற வயது அதுதான். நான் மத்ரஸாவில் அரபி படித்தவன். கிதாபு ஓதுவேன், ஓர் அரபியோடு பேச நாக்கு எழாது. பேசுகிற ஊரில் இருந்து படிக்காததுதான் காரணம்.

இன்று அதற்கு உதவித்தொகைகள் இருக்கின்றன. ஆசிய நாடுகளின் 1,000 உயர்நிலைப்பள்ளி மாணவர்களை ஐந்தாண்டுகளில் அழைத்துப் படிக்க வைக்க ஜப்பான் அரசு 2018-இல் 'ஆசியா ககேஹாஷி' திட்டத்தைத் தொடங்கியது. இந்திய மாணவர்களும் போனார்கள். குடும்பங்களோடோ விடுதியிலோ தங்கி, அந்நாட்டுப் பள்ளியிலேயே படித்தார்கள். பிளஸ் டூ முடிப்பவர்களுக்குத் துருக்கி அரசின் 'துர்க்கியே புர்ஸ்லாரி' உண்டு. முதல் ஓராண்டு துருக்கி மொழி, பிறகு பட்டப்படிப்பு. கல்விக் கட்டணம், தங்குமிடம், மாத உதவித்தொகை, விமானச் செலவு எல்லாம் அடங்கும். விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை; ஏஜெண்ட் யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

சென்ற ஆண்டு நம் மஹல்லாப் பிள்ளை ஒருத்தி இப்படியொரு திட்டத்துக்கு விண்ணப்பிக்க வந்தாள். மதிப்பெண் இருந்தது, ஆர்வம் இருந்தது, பாஸ்போர்ட் இல்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் வேறு எழுத்து, பள்ளிச் சான்றிதழில் அத்தா பெயரும் சேர்ந்து இன்னொரு மாதிரி. திருத்தி முடிப்பதற்குள் கடைசித் தேதி போய்விட்டது. "பரவாயில்லை மாமா" என்று சொல்லிவிட்டுப் போனாள். குறை எங்களுடையது. கல்லூரிக் கட்டணம் கொடுப்பதோடு நிறுத்திக்கொண்டோம். ஒன்பதாம் வகுப்பிலேயே ஆவணங்களைச் சரிபார்க்கச் சொல்லவில்லை.

ஆகவே ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர்கள் இந்த மூன்று சான்றுகளோடு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அலுவலகம் வாருங்கள். பெயர் ஒன்றாக இருக்கிறதா பார்ப்போம். இல்லையென்றால் திருத்த உதவுவோம். இயலாதவர்களுக்குப் பாஸ்போர்ட் கட்டணத்தை அறக்கட்டளை கட்டும்.

பெண்பிள்ளைகளை அனுப்பத் தயக்கம் இருக்கும். எனக்கும் மகள் இருக்கிறாள். எங்கே தங்குவாள், ஹலால் உணவு கிடைக்குமா, பொறுப்பாளர் யார் என்று எல்லாவற்றையும் கேளுங்கள், கேட்டபின் முடிவெடுங்கள். வேண்டாம் என்று நீங்கள் தீர்மானித்தால் அது உங்கள் உரிமை. ஒரு எழுத்துப் பிழையால் வாய்ப்பு போகக்கூடாது.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.