புட்டியின் மேல் எழுதியிருப்பது என்ன?

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

வரவு செலவு வாசிக்கப்பட்ட சபையில் இமாம் குளிர்பானத்தைப் பற்றிப் பேச எழுந்தது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். சென்ற ரமலானில் நம் பள்ளியில் நிகழ்ந்த ஒன்றே அதற்குக் காரணம்.

அஸர் தொழுகை முடிந்திருந்தது. சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்ளும் பெரியவர் ஒருவர் திடீரென வியர்த்து, கைநடுங்கி, தூணில் சாய்ந்தார். இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது என்பதை அருகிலிருந்தோர் உணர்ந்தனர். உயிருக்கு ஊறு நேரும் வேளையில் நோன்பை விட்டுப் பின்னர் களா செய்துகொள்ள மார்க்கம் அனுமதிக்கிறது. எனவே ஓர் இளைஞர் கடைக்கு ஓடிக் குளிர்பானம் வாங்கி வந்து அவருக்குக் குடிக்கக் கொடுத்தார். பத்து நிமிடம் சென்றும் தெளிவில்லை. புட்டியைத் திருப்பிப் பார்த்த மாணவர் ஒருவர்தான், “இதில் சர்க்கரையே இல்லையே” என்றார். உடனே சீனி கரைத்த தண்ணீர் கொடுத்தோம். அல்ஹம்துலில்லாஹ், சற்று நேரத்தில் தெளிந்து பேசினார்.

ஓடிச் சென்றவர் மீது குற்றமில்லை. கலர் என்றால் இனிப்பு, இனிப்பு என்றால் சீனி என்றே நாம் வளர்ந்தோம். 1916-ல் பழனியப்ப நாடார் காளி மார்க் நிறுவனத்தைத் தொடங்கியது இதே விருதுநகரில்தான். சோடாவும் கலரும் நமக்குப் புதியவை அல்ல. இனிப்பு இருந்தும் சீனி இல்லாத பானமே நமக்குப் புதியது.

அந்த இனிப்பு எங்கிருந்து வருகிறது? 1879-ல் சாக்கரின், 1965-ல் அஸ்பார்டேம் என ஆய்வுக்கூடங்களில் கண்டறியப்பட்ட பொருள்கள் சீனியைவிடப் பன்மடங்கு இனிப்பவை. இவற்றைப் பற்றிய கருத்தோ காலந்தோறும் மாறி வந்திருக்கிறது. சாக்கரின் கலந்த உணவில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று 1977-ல் அமெரிக்கா சட்டமியற்றியது. 2000-ல் அதனை நீக்கியது. நம்மிடையே ‘டயட்’ பானம் முதலில் சர்க்கரை நோயாளிக்கு உரியதாகவும், பின்னர் உடல் மெலிய விரும்புவோருக்கு உரியதாகவும் கருதப்பட்டது. இன்று ‘ஜீரோ’ என்ற பெயரில் எல்லோர் கைக்கும் வந்துவிட்டது.

உடல் எடையைக் கட்டுப்படுத்த இத்தகைய இனிப்பூட்டிகளை நாட வேண்டாம் என 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது என்றும் அதிலேயே கூறியது. அதே ஆண்டு ஜூலையில், புற்றுநோய் ஆய்வுக்கான அதன் முகமை அஸ்பார்டேமைப் ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடும்’ என்ற பிரிவில் சேர்த்தது. எனினும் உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மற்றொரு நிபுணர் குழு மாற்றவில்லை. ஆகவே இதனை நஞ்சென்று அஞ்சவும் வேண்டாம். மருந்தென்று நம்பவும் வேண்டாம்.

மறுபுறம், சீனி கலந்த பானமும் எளிதானதன்று. 100 மில்லிக்குப் 10 கிராம் சீனி என்று அச்சிட்டிருந்தால், 300 மில்லி குடிப்பவர் 30 கிராம் சீனியை உட்கொள்கிறார். நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு மதிப்பிட்டது. வலீமா விருந்தில் உபசரிப்போர் இதனை மறக்கலாகாது.

ஜமாஅத்தார்களே! தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அச்சிட்டே வளர்ந்த சிவகாசி நம் மாவட்டத்தில் உள்ளது. மேலே ஒட்டிய தாள் சரக்கை விற்கும் என்பதை நாம் அறிவோம். அத்தாள் சரக்கை உள்ளபடி சொல்லவும் வேண்டுமல்லவா? மதீனாவின் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்த அண்ணலார் (ஸல்) அவர்கள், ஈரமான பகுதியை அடியில் மறைத்த வணிகரைக் கண்டித்து, மக்கள் காணும்படி அதனை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டதை ஹதீஸ் நூல்களில் ஓதியிருக்கிறோம். ‘ஜீரோ’ என்பதைப் பெரிதாகவும், இனிப்பூட்டியின் பெயரைக் கண்ணுக்கு எட்டாத எழுத்திலும் அச்சிடுவது சட்டத்திற்கு உட்பட்டதாக இருக்கலாம்; அந்தக் குவியல் தரும் படிப்பினைக்கு உட்பட்டதாகாது. உணவுப் பொதிகளில் ஆங்கிலமோ இந்தியோ இருந்தால் போதும் என்பதே நாட்டின் விதி. தமிழ் மட்டும் அறிந்த தாய் எதைப் படித்துத் தெரிந்துகொள்வார்?

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, படித்த பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களுக்கு லேபிளைப் படித்துச் சொல்லுங்கள். 950, 951, 955 என்ற எண்கள் முறையே அசிசல்பேம், அஸ்பார்டேம், சுக்ரலோஸ் ஆகியவற்றைக் குறிக்கும். சிறுவர்களுக்கு ஏற்றதல்ல என்ற வாசகம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டாவது, விருந்துகளில் தண்ணீரையும் மோரையும் முன்னே வையுங்கள். சீனி உள்ளதையும் இல்லாததையும் தனித்தனியே வைத்துத் தமிழில் எழுதி ஒட்டுங்கள். மூன்றாவது, நம் பள்ளியில் எப்போதும் ஒரு டப்பா சீனி இருக்கட்டும். சர்க்கரை இறங்கியவருக்கு ‘ஜீரோ’ பானம் பயன்படாது என்பதை ஒவ்வொருவரும் நினைவில் கொள்ளுங்கள்.

உடல் நமக்கு அளிக்கப்பட்ட அமானிதம். அதனைப் பேணி நடக்கும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.