தலையில் அதிரும் குரல்

மேல் ஸ்தாயியைத் தொடக் கழுத்து நரம்பு புடைக்கப் பாடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். அவ்வளவு சிரமம் தேவையே இல்லை.

சுருதி ஏற ஏற, குரல்வளைக்குள் இருக்கும் குரல் நாண்கள் இழுபட்டு மெலிகின்றன. அதற்கு இடம் கொடுத்தால் குரல் லேசாகும். அதிர்வு நெற்றியிலும் மூக்கைச் சுற்றியும் தெரியும். மேற்கத்திய சங்கீதத்தில் இதை 'ஹெட் வாய்ஸ்' என்பார்கள். உண்மையில் ஒலி செழிப்பது தொண்டையிலும் வாயிலும்தான். தலையில் தெரிவது எலும்பு வழியே வரும் அதிர்வு. ஆனாலும் பாடுகிறவருக்கு அதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.

ஸ்பானியப் பாட்டு ஆசிரியர் மானுவேல் கார்சியா, 1854-இல் பல் வைத்தியரின் சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் காட்டி, சூரிய வெளிச்சத்தில் தன் குரல் நாண்களைத் தானே பார்த்தார். நமக்குக் கண்ணாடி வேண்டாம், அதிர்வை உணர விரல் போதும்.

உதட்டை மூடுங்கள், பற்கள் ஒட்ட வேண்டாம். 'ம்' என்று மெதுவாக ரீங்காரமிட்டு, மூக்கின் மேல் விரல் வையுங்கள். அதிர்வு தெரிந்ததும் வாயைத் திறந்து 'மா' என்று விடுங்கள். அடுத்து, எட்டுகிற மேல் ஸ்வரத்தில் 'ஊ' என்று மெல்லத் தொடங்கி, வழுக்கியபடி கீழே இறங்குங்கள். மேலிருந்து இறங்குவதுதான் முக்கியம். கீழிருந்து தள்ளிக்கொண்டு ஏறினால் கீழ் ஸ்தாயியில் ஒலிக்கும் நெஞ்சுக்குரலின் கனமும் கூடவே வந்துவிடும்.

தினமும் பத்து நிமிடம் செய்யுங்கள். தொண்டை கரகரத்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். கரகரப்பு நீடித்தால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.