ஜன்னல் ஓரத்துக் கள்ளி
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன் பண்ணி, “நீ ஒரு பத்து நிமிஷம் பேசணும்ப்பா, உனக்குப் பிடிச்ச விஷயம் எதுவானாலும் சரி” என்றார். நான் சிவில் படித்தவன். பாலம், கான்கிரீட் என்று ஏதாவது பேசுவேன் என்று நினைத்திருப்பார். “கள்ளிச்செடியைப் பற்றிப் பேசட்டுமா அண்ணே?” என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “சரி, பத்து நிமிஷத்துக்கு மேல போகாதே” என்றார்.

இந்தக் கதை நம் ஹாஸ்டலில்தான் ஆரம்பித்தது. 2008-ல் மூன்றாம் ஆண்டு டூர் போனபோது, ஊட்டியில் என் அறை நண்பன் முப்பது ரூபாய் கொடுத்து ஒரு பந்துக்கள்ளி வாங்கினான். எலுமிச்சம்பழ அளவு. அதை எங்கள் அறை ஜன்னலில் வைத்தான். வைத்தவன் அவன், தண்ணீர் ஊற்றியவன் நான். கடைசி செமஸ்டர் முடிந்து பெட்டி கட்டும்போது, “பஸ்ஸில் முள்ளைத் தூக்கிக்கிட்டு யாருடா போவா, நீயே வச்சுக்கோ” என்று விட்டுவிட்டுப் போய்விட்டான். இப்போது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறான், பாருங்கள். அவனுக்கு மண்டையில் முடி குறைந்துவிட்டது. அவன் வாங்கிய செடியோ பதினொரு குட்டி போட்டிருக்கிறது.

நான் திருப்புல்லாணிக்காரன். இராமநாதபுரத்துக்குத் தெற்கே, சேதுக்கரைக்குப் போகிற வழி. இராமபிரான் தர்ப்பைப்புல்லில் படுத்துக் கடலரசனை வேண்டிய தலம் என்று பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். மணல், பனை, உடைமரம், அதற்கப்புறம் கடல். ஐப்பசி, கார்த்திகையில் பெய்தால் பெய்தது, இல்லையென்றால் அடுத்த வருஷம். அந்த மண்ணில் வளர்ந்தவனுக்குக் கள்ளி அதிசயமா என்று கேட்பீர்கள். அதிசயமில்லை என்பதால்தான் நான் அதைச் சரியாகப் பார்த்ததே இல்லை. ஊட்டிச் செடி வந்த பிறகுதான் ஊர்ச் செடியைப் பார்க்கத் தோன்றியது.

நாம் எல்லாவற்றையும் ‘கள்ளி’ என்ற ஒரே பெயரில் அடக்கிவிடுகிறோம். வேலியில் நிற்கிற சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் ஒரு குடும்பம். கிள்ளினால் பால் வரும். சப்பாத்திக்கள்ளியும் இந்தப் பந்துக்கள்ளியும் வேறு குடும்பம்; சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். உற்றுப் பார்த்தால் முள் முளைக்கிற இடத்தில் பஞ்சு மாதிரி ஒரு சின்ன மெத்தை இருக்கும். அது இருந்தால் அமெரிக்காக்காரன். சொந்த பந்தம் எதுவும் இல்லாத இரண்டு குடும்பங்கள், தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பயந்து ஒரே மாதிரி உருவத்துக்கு வந்திருக்கின்றன. ஒரே கேள்விக்கு இரண்டு பேர் தனித்தனியாக எழுதியும் ஒரே விடை வந்த மாதிரி. (காப்பி அடிக்கவில்லை என்று பேராசிரியர்கள் நம்ப வேண்டும்.)

இந்தச் செடிகள் பகலில் மூச்சை அடைத்துக்கொள்ளும். வெயிலில் இலைத்துளையைத் திறந்தால் உள்ளே இருக்கிற ஈரம் போய்விடும் அல்லவா? அதனால் ராத்திரி திறந்து, கரியமில வாயுவை வாங்கி, ஓர் அமிலமாக மாற்றிச் சேமித்து வைக்கும். பகலில் கதவைச் சாத்திக்கொண்டு அந்தச் சேமிப்பை வைத்துச் சமையல் செய்யும். இதற்கு ஆரம்பகாலத் தடயங்களில் ஒன்று கிடைத்தது நம் இந்தியாவில்தான். கம்பெனி காலத்தில் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஹைன் என்ற தாவரவியலாளர், ரணகள்ளி இலையை மென்று பார்த்தார். காலையில் புளித்தது, மத்தியானம் ருசியே இல்லை, சாயங்காலம் லேசாகக் கசந்தது. அதை லண்டன் லின்னேயன் சங்கத்துக்கு எழுதினார். அந்தக் கடிதம் 1815-ல் அச்சானது. பள்ளிக்கூடத்தில் புத்தகத்துக்குள் ஒரு இலையை வைத்து, ஓரத்தில் குட்டி முளைக்கிறதா என்று தினமும் பார்ப்போமே, அதே ரணகள்ளிதான். நாமும் பார்த்தோம். ஆனால் மென்று பார்த்து ஒரு கடிதம் எழுதத் தோன்றவில்லை. (தம்பிகள் யாரும் இப்போது மெல்ல வேண்டாம். எல்லாக் கள்ளியும் வயிற்றுக்கு ஆகாது.)

இன்னொரு கதை சைதாப்பேட்டையில் நடந்தது. சென்னையில் கம்பெனி மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், 1780-களின் கடைசியில் அங்கே கள்ளித்தோட்டம் போட்டார். கள்ளியில் வளரும் ஒரு பூச்சியைக் காயவைத்தால் பட்டுக்குச் சாயமேற்ற விலை உயர்ந்த சிவப்புச் சாயம் கிடைக்கும். அந்த வியாபாரம் ஸ்பெயின்காரர்கள் கையில் இருந்தது. அதை உடைக்க வேண்டும் என்று திட்டம். 1795-ல் நீல்சன் என்ற கப்பல் கேப்டன் பிரேசிலிலிருந்து பூச்சி கொண்டுவந்தார். வந்தது நல்ல ஜாதி இல்லை, மட்டரகம். சாயம் தேறவில்லை. ஆனால் பூச்சி கள்ளியைத் தின்று தீர்த்துவிட்டது! பிற்பாடு கள்ளி காடாக மண்டியபோது, இந்தப் பூச்சியையே விட்டு அழிக்கலாமே என்று 1830-களில் தென்னிந்தியாவில் செய்து பார்த்தார்கள். ஒரு களையைப் பூச்சி விட்டு ஒழிப்பதில் உலகத்திலேயே முதல் முயற்சிகளில் ஒன்று அது. அதற்கு மசியாத வேறொரு சப்பாத்திக்கள்ளியை அழிக்க, 1926 வாக்கில் இலங்கையிலிருந்து வேறு பூச்சி வந்தது. தோற்றுப்போன ஒரு புராஜெக்டின் கழிவு, நாற்பது வருஷம் கழித்து இன்னொரு புராஜெக்டுக்கு மூலப்பொருள். பிராஜெக்ட் சரியாக வராத தம்பிகள் இதை வைவாவில் சொல்லிப் பார்க்கலாம்.

இனி வீட்டுக்கு வருகிறேன்.

சென்னையில் நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி. பால்கனியில் பந்துக்கள்ளி, சோற்றுக்கற்றாழை, கள்ளிமுளையான், பிரண்டை என்று சேர்ந்துகொண்டே போயிற்று. அப்பா காலமான பிறகு அம்மா எங்களோடு வந்துவிட்டார். வந்த அன்றே, “முள்ளுச்செடி வீட்டுக்கு ஆகாதுப்பா, சண்டை வரும்” என்றார். “வாசல்ல திருஷ்டிக்குக் கற்றாழையைத் தலைகீழாக் கட்டி வச்சிருக்கீங்களே, அதுக்கும்தானே முள் இருக்கு?” என்று கேட்டேன். “அது வேற” என்று உள்ளே போய்விட்டார். மண்ணும் தண்ணீரும் இல்லாமல் அந்தக் கற்றாழை மாதக்கணக்கில் பச்சையாகத் தொங்கியது. ஒரு நாள் பூக்கவும் செய்தது.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஆடி அமாவாசைக்குச் சேதுக்கரை போனேன். திரும்பும் வழியில் ஒரு வேலியிலிருந்து சதுரக்கள்ளித் துண்டு ஒன்று வெட்டி, காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தேன். வெட்டுவாயை ஒரு வாரம் காயவிட்டு நட்டேன். நன்றாகப் பிடித்துவிட்டது. சொந்த ஊர்ச் செடி என்பதால் அதன் மேல் கொஞ்சம் கூடுதல் பாசம். ஒரு நாள் சைட்டிலிருந்து வந்து பார்த்தால் தொட்டி காலி. அம்மா பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டார். எனக்கு வந்த கோபத்தில், “மூடநம்பிக்கைக்கு ஒரு அளவு வேண்டாமா?” என்று சத்தம் போட்டேன். இன்னும் சில வார்த்தைகளும் சொன்னேன். அதையெல்லாம் மேடையில் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அம்மா அன்று பதில் பேசவில்லை. மறுநாள் ராத்திரி சாப்பிட்டு முடித்து, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்து சொன்னார்.

அம்மா பிறந்தது நான்காவது பெண்ணாக. பிறந்த அன்று பார்க்க வந்த ஒரு உறவுக்கார அம்மாள், என் பாட்டியிடம், “கொல்லை வேலியில கள்ளி நிக்குது, எதுக்கு யோசிக்கிற?” என்று சொன்னாராம். பாட்டி ஒன்றும் பேசாமல் பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டாராம். தாத்தா மறுநாள் காலையில் அரிவாளை எடுத்துக்கொண்டு போய், கொல்லை வேலிக்கள்ளி முழுவதையும் வெட்டிச் சாய்த்துவிட்டு, பனைமட்டையில் வேலி கட்டினாராம். அம்மாவுக்குப் பத்து வயசில், யாரோ ஒரு சண்டையின்போது இதை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். “எங்க வீட்டில மட்டும் ஏன் கள்ளி வேலி இல்லைன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது” என்றார்.

எங்கள் ஊர்க் கோயிலில் பிள்ளை வரம் வேண்டிப் பாயசம் வாங்கிக் குடிக்க எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருகிறார்கள். அதே ஊரில்தான் இந்தப் பேச்சும் நடந்திருக்கிறது. கள்ளிப்பால் என்ற சொல்லுக்கு நம் நாட்டில் என்ன அர்த்தம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் ஆரம்பிக்க வேண்டி வந்ததே, அதற்குக் காரணமான விஷயங்களில் இதுவும் ஒன்று. செய்தித்தாளில் படித்திருக்கிறேன். என் வீட்டுக்குள் அது இத்தனை வருஷம் பேசாமல் இருந்தது எனக்குத் தெரியாது. அம்மாவின் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். “செடி என்ன செய்யும், பாவம்” என்றார். ஆனால் சதுரக்கள்ளியைத் திரும்ப வைக்கவா என்று நான் கேட்கவில்லை.

சில நாள் கழித்து அம்மாவே பந்துக்கள்ளி பக்கத்தில் போய் நின்று, “இதுலயும் பால் இருக்கா?” என்று கேட்டார். ஊசியால் ஒரு குட்டியை லேசாகக் குத்திக் காட்டினேன். என் அதிர்ஷ்டம், தண்ணீர்தான் கசிந்தது. (பந்துக்கள்ளியிலும் பால் வடிகிற வகை உண்டு என்று பிறகுதான் படித்தேன்.) அம்மா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எங்கிருந்தோ ஒரு பேச்சு வந்தது. சின்னப் பிள்ளையில் சப்பாத்திக்கள்ளிப் பழம் பறித்து, மணலில் புரட்டிச் சுணை போக்கி, நடுவில் நட்சத்திரம் மாதிரி இருக்கிற முள்ளை எடுத்துவிட்டுத் தின்பார்களாம். நாக்கு, பல், பாவாடை எல்லாம் சிவப்பு. “எங்கம்மா என்னை ரத்தம்னு நினைச்சு அழுதுட்டா” என்று சொல்லிச் சிரித்தார். கள்ளியைப் பற்றி அம்மா சிரித்துப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு என் அனுபவத்தில் ரெண்டு வார்த்தை. கள்ளி வெயிலில் சாவதை விட நம் அன்பில் சாவதுதான் அதிகம். மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள், முழுக்கக் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். பாதிக்குப் பாதி ஆற்றுமணல், கொஞ்சம் உடைந்த செங்கல், அடியில் ஓட்டை. சிவில் பிள்ளைகளுக்குப் புரியும், எல்லாம் வடிகால் சமாச்சாரம். கடல் மணல் வேண்டாம், உப்பு. ஐப்பசி மழைக்குச் சன்ஷேடுக்கு அடியில் நகர்த்திவிடுங்கள். பால் வரும் கள்ளியை வெட்டினால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பார்வைக்கே ஆபத்து.

சாப்பாட்டுக் கூடத்து வாசலில் ஒரு அட்டைப்பெட்டி வைத்திருக்கிறேன். டீ கப்பில் பத்துக் குட்டிகள் இருக்கின்றன. பதினொன்றில் ஒன்றை அம்மா கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார், ஊசி குத்தின குட்டி அது. மீதியை மண் அள்ளிப் போட்டு நட்டுக் கொடுத்தது அம்மாதான். முதல் கப் மூன்றாவது வரிசைக்காரனுக்கு. முப்பது ரூபாயைத் திருப்பிக் கேட்காதே, அதில் வட்டியும் சேர்ந்திருக்கிறது. மற்றதெல்லாம் ஹாஸ்டல் தம்பி தங்கைகளுக்கு. தினமும் தண்ணீர் ஊற்றமாட்டேன் என்று சொல்கிறவர்கள் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

செயலாளர் அண்ணன் வாட்சைப் பார்க்கிறார்.