வீட்டுக்குள் ஓர் ஆபீஸ் அறை: அவசியமா, ஆடம்பரமா?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, "கணவன் மனைவி இருவரும் உத்தியோகம் பார்க்கும் இல்லங்களில், ஆபீஸ் வேலைக்கென்று தனி அறை தேவையா?" என்பது. தலைப்பைக் கேட்டதும் சிலர் சிரித்தீர்கள். நியாயம்தான். டோம்பிவிலியிலும் முலுண்டிலும் ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறைக்குள் நாலு குழந்தைகளை ஆளாக்கியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். "காலை நீட்டவே இடம் இல்லை, இதில் ஆபீஸுக்குத் தனி அறையா?" என்று தோன்றும். ஆனால் இது சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம் இல்லை. ஒரு பெண்ணின் உத்தியோகம், ஒரு குழந்தையின் வளர்ப்பு, வீட்டுப் பெரியவர்களின் மரியாதை மூன்றும் இந்த ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பது நமக்குப் புதிது இல்லை. மயிலாப்பூர் வக்கீல்களின் வீடுகளில் முன்கட்டு ஆபீஸ் அறையாகவே இருந்தது. கட்சிக்காரர்கள் அங்கேதான் உட்காருவார்கள். குமாஸ்தா அங்கேதான் கட்டு அவிழ்ப்பார். கிராமத்தில் வாத்தியார் திண்ணையிலேயே பாடம் சொன்னார். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. முன்கட்டில் வக்கீல் நிம்மதியாகப் பிரீஃப் படித்தார் என்றால், பின்கட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள, அடுப்பைக் கவனிக்க, "சத்தம் போடாதே, அப்பா வேலையாய் இருக்கா" என்று அதட்ட ஒரு மனுஷி இருந்தாள். அறைக்கு மதிப்பு வந்தது அவளால். இன்றைக்கு அந்த மனுஷியே லேப்டாப்பைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

2017-ல் பிரசவ கால நலச் சட்டம் திருத்தப்பட்டது. முதல் இரண்டு குழந்தைகளுக்கு விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாயிற்று. விடுப்பு முடிந்த பிறகு, வேலையின் தன்மை இடம் கொடுத்தால், இரு தரப்பும் பேசி முடிவு செய்து வீட்டிலிருந்தே பணியாற்றலாம் என்றும் அதில் சொல்லப்பட்டது. அப்போது பலர் இதைக் கவனிக்கவே இல்லை. 2020 மார்ச் 25-ந் தேதி ஊரடங்கு வந்தபோதுதான், சாப்பாட்டு மேஜை ஒரே ராத்திரியில் ஆபீஸாகவும் பள்ளிக்கூடமாகவும் மாறியது. ஊரடங்கு போய்விட்டது, ஆனால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை என்கிற ஏற்பாடு பல நிறுவனங்களில் நிலைத்துவிட்டது. ஆகவே, வீடு பார்க்கிற இளம் தம்பதிகள் எல்லோரும் கேட்கிறார்கள்: "இரண்டு படுக்கையறை போதுமா, மூன்றாக வாங்கிவிடலாமா?"

முதலில் கணக்கைப் பார்ப்போம். பத்துக்குப் பத்து அறை என்றால் 100 சதுர அடி. சதுர அடி 20,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அந்த ஓர் அறைக்கு மட்டும் 20 லட்சம். எட்டரை சதவீத வட்டியில் 20 வருஷக் கடன் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 17,350 ரூபாய். சம்பளக்காரர்களுக்கு இந்த அறைக்கென்று தனி வரிச் சலுகை கிடையாது. எல்லோருக்கும் கிடைக்கும் நிலையான கழிவோடு சரி. சொந்தமாகத் தொழில் செய்யும் ஆடிட்டர், வக்கீல், ஆர்க்கிடெக்ட் போன்றவர்கள் முறையாகக் கணக்கு வைத்திருந்தால், தொழிலுக்குப் பயன்படும் பகுதிக்கான வாடகையையும் மின்கட்டணத்தையும் செலவில் காட்டலாம். ஆக, மாதம் பதினேழாயிரம் கொடுக்கும் முன், அதே பணத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள நம்பகமான ஓர் ஆளோ, நல்ல குழந்தைக் காப்பகமோ கிடைக்குமா என்று யோசிப்பது புத்திசாலித்தனம்.

இப்படிச் சொல்வதால் அறை வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். 2010-11-ல் சீனாவின் ஷாங்காய் நகரில், ஒரு பெரிய பயண ஏற்பாட்டு நிறுவனத்தில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் நிக்கோலஸ் ப்ளூமும் அவருடைய சகாக்களும் ஒரு பரிசோதனை நடத்தினார்கள். தொலைபேசியில் வாடிக்கையாளர்களோடு பேசும் ஊழியர்களில் ஒரு பகுதியினர் ஒன்பது மாதம் வீட்டிலிருந்து வேலை செய்தார்கள். வேலைத்திறன் 13 சதவீதம் கூடியது. இதைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் அதில் சேருவதற்கு ஒரு நிபந்தனை இருந்ததை யாரும் சொல்வதில்லை: வீட்டில் வேலை செய்யத் தனி அறை இருக்க வேண்டும். அதாவது, அந்த 13 சதவீதம் தனி அறைக்காரர்களுக்குக் கிடைத்த லாபம். இன்னொன்றும் நடந்தது. பரிசோதனை முடிந்ததும், அறை இருந்தும்கூட, கணிசமானவர்கள் ஆபீஸுக்கே திரும்பிவிட்டார்கள். தனிமை தாங்கவில்லை என்றார்கள். அறை வேலையைத் தரும்; துணையைத் தராது.

சரி, அறை இருந்தால் மட்டும் போதுமா? 2017 மார்ச்சில், தென்கொரியாவின் பூசான் நகரிலிருந்து ஒரு பேராசிரியர் பி.பி.சி.க்கு நேரலையில் பேட்டி கொடுத்தது நினைவிருக்கும். பின்னால் கதவைத் திறந்துகொண்டு பெண் குழந்தை ஆடிக்கொண்டே வந்தாள். அடுத்து நடைவண்டியில் கைக்குழந்தை. அதன் பின்னாலே பதறி ஓடிவந்த தாயார். உலகமே சிரித்தது. அவருக்குத் தனி அறை இருந்தது. மேஜை இருந்தது, சுவரில் வரைபடம் கூட இருந்தது. தாழ்ப்பாள் போடவில்லை, அவ்வளவுதான். குழந்தையைப் பொறுத்தவரை, உள்ளே இருப்பவர் நிபுணர் இல்லை, அப்பா.

ஆகவே என் அபிப்பிராயம் இது. குழந்தை மூன்று வயதுக்குள் இருந்தால், அறை எத்தனை பெரிதானாலும் பயன் இல்லை. பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். மூன்றிலிருந்து எட்டு வயது வரை, ஒரு மூலையும் ஓர் அடையாளமும் போதும். திரைச்சீலை மூடியிருந்தால் அம்மா ஆபீஸில் இருக்கிறாள், திறந்திருந்தால் வரலாம் என்று பழக்கினால் குழந்தைகள் கற்றுக்கொள்கின்றன. ஆனால் திறக்கிறேன் என்று சொன்ன நேரத்தில் திறக்க வேண்டும். அதில் நாம் ஏமாற்றினால் திரைக்கு மதிப்பு போய்விடும். எட்டு வயதுக்கு மேல் பிள்ளைகளுக்கே படிக்கத் தனி இடம் வேண்டும். அப்போதுதான் அறைக் கணக்கு உண்மையிலேயே வருகிறது. டாக்டர், வக்கீல், ஊழியர் விவகாரம் பார்ப்பவர் போன்று பிறர் ரகசியத்தைக் கையாளுகிறவர்களுக்கு மட்டும், எந்த வயதுக் குழந்தை இருந்தாலும், சாத்துகிற கதவு கட்டாயம்.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் ஓர் அறை ஒதுக்கினால் அதில் யார் உட்காருகிறார்கள்? நான் போய்வந்த இல்லங்களில் பெரும்பாலும் பிள்ளையாண்டான் அறைக்குள்; மாட்டுப்பெண் சாப்பாட்டு மேஜையில். "அவனுக்கு முக்கியமான கால்" என்பார்கள். அவளுக்கும் முக்கியமான கால்தான். ஆனால் அவள் மேஜைக்கு எதிரே குக்கர் விசில் அடிக்கிறது, கூரியர்காரன் மணி அடிக்கிறான், மாமியார் "கறிவேப்பிலை எங்கே வெச்சிருக்கே?" என்கிறார். மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019-லும் 2024-லும் நடந்தது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் 2019-ல் நாளைக்கு 299 நிமிஷம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிஷம். 2024-ல் பெண்கள் 289, ஆண்கள் 88. ஐந்து வருஷத்தில் பெண்ணின் பங்கு பத்து நிமிஷம் குறைந்தது. ஆணின் பங்கும் ஒன்பது நிமிஷம் குறைந்துவிட்டது! இப்படியே போனால் அந்த மேஜையிலிருந்து அவள் எழுந்து ராஜினாமாக் கடிதம்தான் எழுதுவாள். நம் குடும்பங்களில் அது நடக்கிறது. எம்.டெக். படித்த பெண், மூன்று வருஷம் தாக்குப்பிடித்து, "போதும்மா" என்று விடுகிறாள். நாமும் "குழந்தைக்காகத் தியாகம் பண்ணினாள்" என்று மெச்சிக்கொள்கிறோம்.

ஆகவே ஓர் அறைதான் இருக்கிறது என்றால் முறை வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு சாயங்காலம் இருவரும் நாட்காட்டியை எடுத்துவைத்துக்கொண்டு, அடுத்த வாரம் யாருக்கு எந்த நேரம் கதவு என்று எழுதுங்கள். கதவு கிடைத்தவர் வேலை பார்க்கட்டும். கிடைக்காதவர் அந்த நேரத்தில் மணி அடித்தால் திறக்கட்டும், பால் பொங்கினால் இறக்கட்டும். இதில் ஆண், பெண் பேதம் வேண்டாம்.

இன்னொரு கசப்பும் உண்டு. பல வீடுகளில் ஆபீஸ் அறை எங்கிருந்து வருகிறது தெரியுமா? அப்பா அம்மாவின் அறையிலிருந்து. தாத்தா பாட்டி ஹாலுக்கு வந்துவிடுகிறார்கள். பகலில் அசந்து படுக்க முடியாது, டி.வி. போட முடியாது, விஷ்ணு ஸஹஸ்ரநாமத்தைக் கூட மனசுக்குள்ளேயே சொல்ல வேண்டியிருக்கிறது. இதோடு பேரக் குழந்தையையும் நாள் முழுக்கப் பார்க்க வேண்டும். எழுபது வயசுக்காரர்களிடம் உதவி கேட்பது தவறில்லை. கேட்காமல் எடுத்துக்கொள்வது தவறு. அவர்களுக்கும் வாரத்தில் இரண்டு நாளாவது விடுமுறை என்று வையுங்கள். உங்கள் ஆபீஸில் ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிறார்களா? 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே, அப்படிப்பட்ட இடங்களில் குழந்தைக் காப்பக வசதி வேண்டும், தாயார் நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று வந்துவிட்டது. அதைக் கூச்சப்படாமல் கேளுங்கள்.

கடைசியாக, நம் சங்கங்களுக்கு ஒரு விண்ணப்பம். பல ஊர்களில் நமக்குச் சொந்தக் கட்டிடம் இருக்கிறது. சனி ஞாயிறுகளில் உபந்யாசம், சீமந்தம், பாட்டுக் கச்சேரி என்று நிரம்பி வழிகிறது. திங்கள் முதல் வெள்ளி வரை பகலில் பூட்டிக் கிடக்கிறது. அங்கே பத்து மேஜை நாற்காலி, ஒரு வைஃபை இணைப்பு, மின்வெட்டுக்கு ஓர் இன்வெர்ட்டர், பக்கத்து அறையில் குழந்தைகளுக்குப் பாய் விரித்துக் கதை சொல்ல விருப்பமுள்ள பெரியவர்கள் இரண்டு மூன்று பேர், அவர்களுக்குத் துணையாகச் சம்பளத்துக்கு ஓர் ஆயா. நியாயமான கட்டணம் வாங்கலாம். முதலில் ஒரே ஒரு கிளையில் மூன்று மாதம் நடத்திப் பார்த்து, வரவு செலவை இந்த இதழிலேயே வெளியிடலாம். இருபது லட்சம் கடன் வாங்காமல் இருபது குடும்பங்களுக்குக் கதவு கிடைக்கும். ஷாங்காய்க்காரர்கள் தவித்த தனிமையும் இருக்காது.

வீட்டில் தனி அறை இருக்கிறவர்கள் பாக்கியசாலிகள், நன்றாக அனுபவிக்கட்டும். இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். இன்று வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள்: நாளைக்குக் கதவு யாருக்கு என்று வீட்டில் கேளுங்கள். மாட்டுப்பெண்ணிடம் முதலில் கேளுங்கள்.